பற்றரி காயப்போட்ட கதை

எங்கள் குடும்பத்தில் வீடு சீதனமாக அக்காவுக்குப் போனது. அப்பாவிடமிருந்து முதுசொமாக எனக்கு வந்தது சந்தேகம் மட்டும்தான். அதை இன்றுவரை ஒரு குறையும் வைக்காமல் ஆண்டு அனுபவித்து வருகிறேன். மீன்காரரின் தராசை நம்பமாட்டேன். பஸ் கொண்டக்டர் தரும் மிச்சத்தை நம்பமாட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு, அதை எடுத்தது யார் என்று வீடு முழுக்க விசாரணை நடத்துகிற வயதுக்கு வந்துவிட்டேன். விசாரணையில் ஒருநாளும் குற்றவாளி அகப்பட்டதில்லை. கண்ணாடி மட்டும் அகப்படும்.

சிறுபிள்ளையாக இருந்தபோது நான் எடுத்த முதல் வழக்கில், சந்தேக நபர்களின் வரிசையில் சூரியனும் நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பா கட்டைபறிச்சான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர். சீனி மூட்டையில் எறும்பு தின்றது எவ்வளவு, ஆள் தின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக்கூடிய மனிசன். எங்கள் வீட்டில் ஒரு ரீவி இருந்தது. பெரியண்ணா ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்குப் புறப்படமுதல் திருகோணமலையில் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனது. ஊருக்குக் கறண்ட் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். கம்பங்கள் மட்டும் வந்து, றோட்டுக் கரையில் ஆளுக்கொரு காகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஆகவே ரீவி அம்மா தைத்த பூப்போட்ட உறையைப் போட்டுக்கொண்டு சாமிப்படத்துக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. பெரியண்ணாவிடமிருந்தும் சத்தமில்லை. எந்த நாட்டில் நிற்கிறான், நடுவில் எந்தக் கடலில் நிற்கிறான் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அப்பா செய்தி கேட்டது றேடியோவில். எங்கள் பக்கத்தில் ரோச் பற்றரியோ றேடியோப் பற்றரியோ களைத்துப்போனால் எறிவதில்லை. வெயிலில் காயப்போடுவோம். மிளகாய், கருவாடு, பற்றரி மூன்றும் ஒரே பாயில் காயும். பின்னேரம் எடுத்துப் போட்டால் பற்றரி இன்னும் ஓர் இரவுக்கு மூச்சு விடும். ஒருநாள் அம்மா காயப்போட்ட பற்றரிகள் திரும்பி வரவில்லை. காகம் கொண்டுபோய்விட்டது என்றாள். கருவாட்டை விட்டுவிட்டுப் பற்றரியைத் தூக்கிய காகம் எது என்று அப்பா வேலியோரம் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை நடந்த அந்த நாட்களில் கடைக்குப் பற்றரி வருவது ஆடியில் மழை வருகிற மாதிரி. றேடியோ அத்தோடு ஊமையானது.

அப்போதுதான் அத்தான் வந்தார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புறப்பட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அத்தான் இலங்கைத்துறை ஆள். திருகோணமலையில் ஒரு றேடியோ திருத்துகிற கடையில் தொழில் பழகியவர். ஆள் ஒல்லி, கதை குறைவு. அப்பாவின் அனுபவத்தில் கதை குறைந்தவன் காரியத்தில் கூடியவன். மற்ற மாப்பிள்ளைமார் உடுப்புப் பெட்டியோடு வர, இவர் படுக்கை விரிப்பால் சுற்றிய ஒரு பெரிய சட்டத்தை லோஞ்சுப் படகில் ஏற்றிக் கொட்டியார்க் குடாவைத் தாண்டிக் கொண்டுவந்தார். மணப்பெண்ணுக்கு நிலைக்கண்ணாடி கொண்டுபோகிறார் என்று லோஞ்சில் இருந்த பெண்கள் அக்காவை வாழ்த்தினார்களாம். மூதூர் இறங்குதுறையில் சென்றிக் காவலுக்கு நின்றவன் விரிப்பை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே பார்த்து, அதில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் விளங்காமல் போகச் சொன்னானாம். கூட வந்த, பெட்டி மாதிரிப் பெரிய பற்றரியைப் பற்றித்தான் நிறையக் கேட்டான். புதுமாப்பிள்ளை என்று அறிந்த பிறகு சிரித்துவிட்டு அதையும் விட்டான்.

பெரிய கூரைக்கு மேல் தென்னோலை நிழல் விழும் என்று, அத்தான் அந்தக் கருநீலக் கண்ணாடியைக் குசினியின் தாழ்ந்த தகரக் கூரையில் பூட்டினார். கதிரை போட்டு ஏறினால் கை எட்டுகிற உயரம். அதற்குப் பெயர் சோலார் பனல். அங்கிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் சுவரில் இறங்கி, பேக்கரிப் பாணில் பாதி அளவான ஒரு பெட்டிக்குள் போயின. பெட்டியிலிருந்து கீழே மரக் கூட்டுக்குள் இருந்த பற்றரிக்கு இரண்டு வயர். லைட்டுகளுக்கு இரண்டு. பற்றரியிலிருந்து தனியாகப் போன தடித்த வயர் இரண்டு, தேனீப் போல இரைகிற இன்னொரு பெட்டியில் முடிந்து, அங்கிருந்து பெரியண்ணாவின் ரீவிக்குப் போயின.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சங்கக்கடைக்கு வந்த சாமானைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். பற்றரியை வெயிலில் காயப்போடுகிற காரியத்துக்கு இவ்வளவு எடுப்பு எதற்கு என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். மருமகனோடு நேரே கதைத்தால் மரியாதை குறைந்துவிடும் என்பதால் அப்பா சுவரோடு கதைப்பார். அம்மா அதைவிட ஒரு படி மேலே. கதவுக்குப் பின்னால் நின்று, "பிள்ளை, அத்தானிட்டத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்று என்னிடம் சொல்லுவாள். அத்தான் அங்கேயே ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, வேணும் என்று என்னிடம் சொல்லுவார்.

அத்தான் விளக்கம் சொன்னதும் எனக்குத்தான். கேட்டது அப்பா.

பனல் வெயிலில் நின்று உழைக்கிற ஆள், பற்றரி அந்த உழைப்பைச் சேர்த்து வைக்கிற ஆள் என்றார். நடுவில் இருக்கிற சின்னப் பெட்டி கொன்ரோலர். அதை ஊரை நடத்துகிற விதானையார் என்று வைத்துக்கொள் என்றார். பற்றரி நிரம்பினால் விதானையார் பனலை மறித்துவிடுவார். பற்றரி வடிந்துபோனால் வீட்டை மறித்துவிடுவார், சிவப்பு லைட்டைக் காட்டிக்கொண்டு. அவர் இல்லாவிட்டால் பற்றரி ஒன்றில் வெந்து சாகும், அல்லது பசியில் சாகும்.

அப்பா சுவரைப் பார்த்து, "என்ர வீட்டில எனக்கு மேல ஒரு விதானையோ?" என்றார்.

இரைகிற பெட்டி இன்வேட்டர். பற்றரி கதைக்கிற பாஷை ரீவிக்கு விளங்காது, இவர் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரி மாற்றிக் கொடுப்பார் என்றார் அத்தான். மொழிபெயர்க்கிறவன் பாதியைத் தன் பக்கம் எடுத்துவிடுவான் என்பது கச்சேரிக்குப் போய்வந்த யாருக்கும் தெரியும் என்று அப்பா சுவருக்குச் சொன்னார். கொஞ்சம் எடுக்கிறது உண்மைதான், அதுதான் அதுக்குச் சூடேறுது என்று அத்தான் ஒத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்கிற மாப்பிள்ளையை அப்பா அதற்குமுன் கண்டதில்லை. சந்தேகம் இரட்டித்தது.

முதல் கிழமைகளில் வீடு கலியாண வீடாகவே இருந்தது. பின்னேரம் லைட்டைப் போட்டால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பூச்சிகளும் ஒன்றாக வந்தார்கள். ரீவியின் பூப்போட்ட உறை கழன்றது. அப்பா முன்னால் கதிரை போட்டுச் செய்தி பார்த்தார். செய்திக்குப் பிறகுதான் நாடகம். ஆகவே நான் செய்தியைச் சகித்துக்கொண்டேன்.

ஒருநாள் செய்தியில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை வந்தது. கவிழ்ந்துபோன படகு. கரையில் போர்வை போர்த்திய ஆட்களை வரிசையாக இருத்தியிருந்தார்கள். சிலரைப் படுக்கவைத்து முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள். அப்பா எழும்பிப் போய் மூக்கு முட்டுகிற மாதிரி ரீவிக்குக் கிட்ட நின்றார். அவர் முதுகு மறைத்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அம்மாவிடம் முறைப்பாடு செய்யத் திரும்பினேன். அம்மா குசினி வாசலில் கையில் கறிச்சட்டியோடு ரீவியைப் பார்க்காமல் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அப்பா கதிரையில் இருந்து செய்தி பார்ப்பதை விட்டார். தொடக்கம் முதல் முடிவு வரை நின்றபடிதான். பிறகு படுக்கப் போகாமல் முற்றத்தில் நடப்பார். செருப்புச் சத்தம் எனக்கு நித்திரையிலும் கேட்கும்.

அதற்குப் பிறகுதான் கறண்ட் களவு போகத் தொடங்கியது.

பகல் முழுக்க மண் பொரிகிற வெயில். பின்னேரம் லைட்டைப் போட்டால் நன்றாகத்தான் எரியும். செய்தி தொடங்குகிற நேரம் பார்த்து விதானையார் 'டிக்' என்று ஒரு சத்தம் போடுவார். சிவப்பு லைட். லைட்டும் போய், கொஞ்சத்தில் ரீவியும் ஒரு புள்ளியாகச் சுருங்கிச் செத்துப்போகும். அம்மா மட்டும் கலங்கமாட்டாள். லாம்புச் சிமினி பளபளவென்று துடைத்து, எண்ணெய் விட்டு, நெருப்புப்பெட்டி பக்கத்தில் வைத்து ஆயத்தமாக இருக்கும். மற்ற நாட்களில் அம்மா சிமினி துடைக்கமாட்டாள். கறண்ட் போகப்போகிற நாளில் மட்டும் பின்னேரமே துடைத்துவிடுவாள். அம்மாவுக்குச் சாத்திரம் தெரியும் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அப்பா வேறொரு கணக்குக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை அத்தான் வேலைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறண்ட் செய்தியையும் தாண்டி நிற்கிறது.

"அவர் நிண்டா அதுவும் நிக்குது. அவர் போனா அதுவும் போகுது" என்றார் சுவரிடம். "இதுக்கு விளக்கம் வேணுமே?"

விளக்கம் தேடுகிற வேலை எனக்குக் கிடைத்தது. அப்பாவின் சந்தேகம், அத்தான் எங்கள் கறண்டை வேறெங்கோ இரகசியமாக அனுப்புகிறார் என்பது. வயர் போகிற வழியெல்லாம் போய்ப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். சங்கக்கடையில் பெரிய ஆட்களைக் கண்காணிக்கப் பெரிய ஆட்களை விடக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

சூரியனைச் சந்தேகித்தேன். பனலைச் சந்தேகித்தேன். அது பகலில் உழைக்காமல் படுத்திருக்கலாம். இன்வேட்டரில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ எதையோ மென்று தின்கிற சத்தம். பற்றரியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, அழுகிய முட்டை மணத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கடைசியில் அகப்பட்டது பெரிய தடயம். குசினிச் சுவரின் பின்பக்கம் பனலின் சட்டத்திலிருந்து இறங்கிய ஒரு செம்புக் கம்பி, ஒருவருக்கும் சொல்லாமல் நேரே நிலத்துக்குள் போனது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பெரியண்ணா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்தார். நிலத்தடியால் கறண்ட் இலங்கைத்துறைக்குத்தான் போகிறது, தாய் வீட்டுக்கு லைட் எரிய விட்டிருக்கிறார் என்றார். நாங்கள் இருவரும் கம்பி போன வழியே தோண்டினோம். அம்மாவின் வெண்டிக்காய்ப் பாத்தி போனது. இடுப்பளவு கிடங்கில் அப்பா நின்றபோது, வேலை முடிந்து சைக்கிளில் வந்த அத்தான் வேலியோரம் இறங்கி நின்று பார்த்தார்.

"மாமா, அது இடிக்கு" என்றார். "அந்தக் கம்பி ஒரு இரும்புத் தடியில முடியும். இடி விழுந்தா நிலத்துக்குள்ள இறங்கிப்போகத்தான்."

அப்பா கிடங்குக்குள் நின்றபடி, "இடிக்கு நிலத்துக்குப் போற வழி தெரியாதோ? நாங்கள் காட்டவேணுமோ?" என்று கேட்டார். ஆனால் மண்வெட்டி அந்த இரும்புத் தடியில் தட்டுப்பட்டுவிட்டது. அத்தான் உள்ளே போய் இன்னொரு மண்வெட்டியை எடுத்துவந்து கிடங்கை மூடினார். ஊர் முழுக்க இந்தக் கதை பரவியது. மனேஜர் கறண்ட் கிழங்கு தோண்டினவர் என்று சங்கக்கடை வாசலில் ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு இப்போது கறண்ட் மட்டுமல்ல, மானமும் களவு போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னைக் குசினிக் கூரையடியில் கதிரையில் ஏற்றிவிட்டார். முள் ஆடுகிற ஒரு சின்ன மீற்றரை வயரில் பிடித்துக் காட்டினார். முள் மேலே நின்றது. பனலின் ஒரு மூலையில் கையை விரித்து வைக்கச் சொன்னார். வைத்தேன். முள் சடாரென்று விழுந்தது.

"ஒரு மூலையில நிழல் விழுந்தா மற்றப் பக்கமும் உழைக்காது பிள்ளை. கரைவலை இழுக்கேக்க நடுவில ஒருத்தன் காலைக் குத்திக்கொண்டு நிண்டா வலை வருமே?"

எனக்கு நன்றாக விளங்கியது. என் வாழ்க்கையில் எனக்கு நன்றாக விளங்கிய விஞ்ஞானம் அது ஒன்றுதான்.

அடுத்த கிழமையும் களவு நிற்கவில்லை. அப்பா சுவரை விட்டுவிட்டு முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கறண்ட் ஒழுங்காக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் கூரையில் பூட்டினதைக் கழற்ற வேண்டும்.

"வீடு குடுத்தாச்சு. வீட்டுக்குள்ள இருந்துகொண்டு என்னை ஊர் சிரிக்கப் பண்ணவும் குடுக்க ஏலாது. சாமானோட அவர் தனியப் போறதோ, சோடியாப் போறதோ, அவையின்ர விருப்பம்."

அக்கா அழுதாள். அத்தான் அன்றிரவு சாப்பிடவில்லை. நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்து யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்று பள்ளிக்கூடம் மத்தியானத்துக்கு முதலே விட்டது. நான் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து பின்பக்கமாக வீட்டுக்கு வந்தேன். அக்கா முன்பள்ளியில் படிப்பிக்கப் போயிருந்தாள். குசினிக் கூரையில் பனலைக் காணவில்லை. அந்த இடத்தில் அம்மாவின் நீலச் சீலை இருந்தது. ஈரமாக, இரண்டாக மடித்து, பனலுக்கு அளவாக விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தது. கதிரை கீழே நின்றது. அம்மா கிணற்றடியில் திரளி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் கொடிக்கயிறு வெறுமையாகக் கிடந்தது.

கொடி சும்மா கிடக்க ஏன் கூரை என்ற கேள்வி எனக்கு வரவில்லை. துப்பறிகிறவளுக்கு இடையிடையே மூளையும் தேவை என்பது பிறகு தெரிந்த விஷயம். எனக்கு வந்தது வெற்றிக் களிப்பு மட்டும்தான். மிளகாயும் கருவாடும் பற்றரியும் காயப்போட்ட கை, நல்ல வெயில் விழுகிற இடம் கண்டால் சீலையும் காயப்போடுகிறது. பாவம், படிக்காத அம்மா. கரைவலை விஷயம் அவளுக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்குச் சபை வேண்டும். அப்பாவும் அத்தானும் இருக்கிற சபையில், அத்தானைக் காப்பாற்றிய பெருமை வேண்டும். பின்னேரம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். 

செய்தி தொடங்கியது. அப்பா எழும்பி நின்றார். விதானையார் 'டிக்' என்றார். ரீவியும் செத்தபிறகு இருட்டில் அப்பா தொண்டையைச் செருமினார். குசினி வாசலில் லாம்பைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். நான் எழும்பினேன்.

"அத்தான் ஒண்டும் செய்யேல்ல. அம்மாதான் பனலுக்கு மேல சீலை காயப்போடுறவ. நான் கண்டனான்."

 அம்மா லாம்பைக் கீழே இறக்கியதில் சுவரில் எங்கள் எல்லோருடைய நிழலும் நீண்டது. அப்பா மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அத்தானும் பார்த்தார். லாம்பையும் பார்த்தார், துடைத்த சிமினியையும் பார்த்தார். அப்பா வாயைத் திறக்கமுதல் அத்தான் எழும்பிவிட்டார்.

"சீலையால ஒண்டும் இல்ல மாமா. மெல்லிய சீலை, வெயில் அதுக்குள்ளால போகும். பிழை என்னில. பற்றரி பழசு. புதுசெண்டு சொல்லிப் பூட்டினனான்."

நான் பதறிப்போனேன். ஒரு கை விழுந்தாலே முள் விழும் என்று சொன்னீங்களே, கரைவலை என்றீங்களே என்று கத்தினேன்.

"அது சும்மா பகிடிக்குச் சொன்ன கதை பிள்ளை" என்றார் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்பா கதிரையில் இருந்தார். சங்கக்கடையில் சீனி எடுத்தவன், எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் அப்பா தேத்தண்ணி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார். மறுக்கிறவனைத்தான் விடமாட்டார். "நான் அப்பவே சொன்னன்தானே" என்றார், முதன்முறையாகச் சுவரிடமில்லாமல் அத்தானிடம். "மூதூரில பற்றரிக்கடை நானாட்டக் குடுத்துத் திருத்துவியுங்கோ, தம்பி." வெள்ளிக்கிழமைக் கெடு அந்த இடத்திலேயே இல்லாமல் போனது. வென்றவர் அப்பா. மறுநாளே ஊருக்கும் சொன்னார். பழைய பற்றரி என்று அத்தானுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அது அவருடைய பிள்ளைகள் பெரிதாகும்வரைக்கும் அவரோடு இருந்தது.

நான் கோபத்தில் குசினிப் பக்கம் போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் இருந்தேன். கொஞ்சத்தில் அத்தான் தண்ணி குடிக்க வந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் போகவில்லை. நேரே நின்று கதைத்தாள். அந்த வீட்டில் அது ஒரு பெரிய சம்பவம்.

"பழியை ஏன் தம்பி நீங்கள் எடுத்தனீங்கள்?"

"பழி பாரமில்ல மாமி. பற்றரிதான் பாரம்" என்றார் அத்தான். "நாளைக்குச் சைக்கிள்ல கட்டிக்கொண்டு போறன். வெளியில போன மச்சானின்ர சத்தம் ஏதும் வருமட்டும் நானாவின்ர கடையில கிடக்கட்டும். நீங்கள் இனிக் கூரையில ஏறாதேங்கோ. விழுந்துபோவியள்."

அம்மா தண்ணிச் செம்பை வாங்கி வைத்தாள். பிறகு, "அந்த மனுசன் ஒவ்வொரு முகமாத் தேடுறார் தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள. என்னால பாத்துக்கொண்டு நிக்க ஏலாது" என்றாள்.

விறகுக்குப் பின்னால் இருந்த துப்பறிவாளருக்கு விஷயம் உடனே பிடிபட்டது. ரீவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் கண் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அம்மாவுக்கு அப்பாவின் கண்ணைப் பற்றிக் கவலை. ஒரு கண்ணாடி வாங்கிக்கொடுத்தால் முடிகிற காரியத்துக்கு ஏன் இவர்கள் குசினிக்குள் நின்று குசுகுசுக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பற்றரி மூதூருக்குப் போனது. ரீவி மறுபடி பூப்போட்ட உறையைப் போட்டுக்கொண்டது. அப்பா செய்திக்குப் பேப்பரை நம்பவேண்டி வந்தது. பேப்பர் ஊருக்கு ஒருநாள் பிந்தி வரும். அதில் முகங்களெல்லாம் கறுப்புப் பொட்டுகள். எவ்வளவு கிட்டப் பிடித்தாலும் அப்பாவால் ஒருத்தரையும் தேட முடியவில்லை. கொஞ்ச நாளில் முற்றத்துச் செருப்புச் சத்தமும் குறைந்தது.

ஆனால் சந்தேகம் குறையவில்லை. ஒருநாள் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஊரே நானா என்று கூப்பிடுகிற அந்த முஸ்லிம் முதலாளியின் கடைக்குப் போனார். பற்றரிகள் வரிசையாக நின்று கறண்ட் குடித்துக்கொண்டிருந்தன. எங்கள் பற்றரியை நான் உடனே அடையாளம் கண்டேன். இறங்குதுறையில் உரசுப்பட்ட கீறல் ஒன்று அதன் பக்கத்தில் இருந்தது. நானா ஒரு கண்ணாடிக் குழாயை எங்கள் பற்றரிக்குள் விட்டு உறிஞ்சினார். குழாய்க்குள் இருக்கிற மிதவை உயர நின்றால் பற்றரி நல்லது, தாழ நின்றால் களைப்பு என்று அத்தான் எனக்குச் சொல்லியிருந்தார். மிதவை உயரத்தான் நின்றது. நானா சட்டென்று குழாயை எடுத்துவிட்டார்.

"இது இன்னும் கொஞ்ச நாள் கிடக்கோணும் மனேஜர்" என்றார். "அவசரப்பட்டுக் கொண்டுபோனா ஒரேயடியாப் போயிரும். ஊட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கிறன்."

அப்பா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. நானாவின் மேசையில் ஒரு காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் பற்றரியில்தான் அது சுழல்கிறது என்பது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாவின் காதுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பாகூட என்னை நம்பவில்லை. சந்தேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்றார்.

மழைக்காலம் தொடங்குகிற நேரம் மூதூர் ரெலிபோன் கடையிலிருந்து ஆள் வந்தது. பெரியண்ணா அழைத்திருக்கிறான், மத்தியானம் திரும்பவும் எடுப்பான். அப்பாவும் அம்மாவும் நடந்தும் ஓடியும் போனார்கள். எங்களில் ஒருவராலும் ஒழுங்காக உச்சரிக்க முடியாத ஒரு நாட்டில் அவன் கரையேறி, குளிருக்குள் பத்திரமாக இருந்தான். அப்பா அவனிடம் அங்கே இப்போது நேரம் என்ன என்று மட்டும்தான் கேட்டாராம். மிச்சமெல்லாம் அம்மா கதைத்தாளாம்.

அவர்கள் வீட்டுக்கு வந்து சேரமுதல் அத்தான் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதே பற்றரி, அதே கீறல். இவ்வளவு நாள் திருத்த முடியாத பற்றரியை ஒரே பின்னேரத்தில் திருத்திய நானாவைப் பற்றி நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று கொஞ்சம் வெட்கப்பட்டேன். அம்மா வந்ததும் வராததுமாகக் கதிரையைப் போட்டு ஏறி, சீலைத் தலைப்பால் பனலை மூலைக்கு மூலை துடைத்தாள். அத்தான் கீழே நின்று கதிரையைப் பிடித்துக்கொண்டார். லைட் எரிந்தது. ரீவியின் உறை கழன்றது. செய்தி தொடங்கியபோது அம்மா வந்து அப்பாவின் கதிரையில் முன்னால் இருந்துகொண்டாள். அப்பா பின்னால் பாயில் சாய்ந்து, செய்தி பாதியில் குறட்டை விட்டார். அம்மாவுக்கும் ஒருபடியாகச் செய்தி பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் குசினி வாசலைப் பார்த்தேன். லாம்பு புகைபிடித்த சிமினியோடு மூலையில் கிடந்தது. அன்று அம்மா அதைத் துடைக்கவில்லை. எண்ணெய் விடவில்லை. நெருப்புப்பெட்டியைக்கூட எடுத்து வைக்கவில்லை. விதானையார் எந்த நேரமும் 'டிக்' என்று சொல்லக்கூடும். நான் எழும்பிப் போய்ச் சாம்பல் போட்டுச் சிமினியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு லாம்பைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு வந்து இருந்தாள்.

அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டதோ என்று எனக்கு அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது.